வெளியூர் ரசிகர்களுக்கு ஏன் தனி மூலை? கால்பந்து மைதானப் பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரீமியர் லீக்கை டிவியில் பார்ப்பவர்களும், இங்கிலாந்துக்கு வந்தால் ஒரு ஆட்டமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை. வேறு நாட்டுக் கதை தேவைப்பட்ட இடங்களில் அங்கேயும் ஒரு எட்டுப் போய் வந்திருக்கிறேன்.

ஸ்டேடியத்தின் ஒரு மூலை மட்டும் வேறு நிறத்தில் தெரிகிறதே, யார் அவர்கள்?

எதிரணியின் ஊரிலிருந்து வந்தவர்கள். பிரீமியர் லீக் விதிப்படி உள்ளூர் கிளப், வந்திருக்கும் கிளப்புக்கு 3,000 இருக்கைகள் தர வேண்டும். மைதானம் 30,000 பேருக்கும் குறைவாகக் கொள்ளும் என்றால் மொத்தத்தில் 10 சதவீதம். ஓல்ட் டிராஃபோர்டில் சுமார் 74,000 பேர் உட்காரலாம், அதில் எதிரணிக்கு 3,000. போர்ன்மத் மைதானத்தில் மொத்தமே 11,000 சொச்சம்தான் என்பதால் அங்கே வெளியூர்க்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். லீக்குக்குத் தனியே, தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையில் 15 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். அதனால்தான் கோப்பை ஆட்டங்களில் அந்த மூலை திடீரென்று ஒரு முழு ஸ்டாண்ட் அளவுக்கு வளர்ந்து நிற்கும்.

சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஐபிஎல் பார்க்கிறார்கள். கால்பந்தில் மட்டும் ஏன் பிரித்து வைக்கிறார்கள்?

கால்பந்திலும் ஒரு காலத்தில் கலந்துதான் நின்றார்கள். 1960களில் நிலைமை மாறியது. ரயிலும் மோட்டார் சாலையும் கைக்கெட்டியதும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கள் அணியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார்கள். அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கைகள் கிடையாது. படிப்படியாக உயர்ந்து போகும், நின்று பார்க்கும் இடம்தான். உள்ளூர்க்காரர்கள் நிற்கும் அந்த இடத்துக்குள் புகுந்து பிடித்துக்கொள்வது வெளியூர்க் கூட்டத்துக்கு வீர விளையாட்டாகிப் போனது. பிடித்தால் ஊர் திரும்பிப் பெருமை பேசலாம். அடிவாங்கித் திரும்பினால் அடுத்த வருடம் கணக்குத் தீர்க்க வேண்டும். 1970களில் இது கைமீறிப் போக, கிளப்புகளும் போலீசும் கூட்டத்தைப் பிரித்தார்கள். முதலில் இரு தரப்புக்கும் நடுவில் வேலி வந்தது, பிறகு ஆடுகளத்தைச் சுற்றியும் வந்தது. அந்த இரண்டாவது வேலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதே இங்கிலாந்தில் ரக்பி ஆட்டத்துக்குப் போனால் இரண்டு அணிக்காரர்களும் கையில் பியரோடு தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். கால்பந்திலேயே பல படிகள் கீழே இறங்கி, சில நூறு பேர் வரும் சிறிய லீக்குகளுக்குப் போனால் அங்கும் பிரிவினை கிடையாது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது இரு தரப்பு ரசிகர்களும் கம்பியோரமாகவே நடந்து, தங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கத்துக்கு இடம் மாறுவார்கள். எதிரெதிரே கடக்கும்போது இரண்டு நக்கல், அதோடு சரி. கால்பந்து ரசிகனின் ரத்தத்திலேயே வன்முறை ஊறியிருக்கிறது என்பவர்கள் ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்கலாம்.

நான் வெளியூர் அணியின் ரசிகன். கிடைத்ததோ உள்ளூர் பகுதி டிக்கெட். போகலாமா?

போகலாம், ஆனால் சட்டை, மஃப்ளர், தொப்பி எதிலும் உங்கள் அணி தெரியக்கூடாது. உங்கள் அணி கோல் அடித்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் முறைப்பதோடு விட்டுவிடலாம். ஆனால் ஸ்டூவர்டு (கூட்டத்தைக் கவனிக்கும் மைதான ஊழியர்) பார்த்துவிட்டால் வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார். உள்ளூர் பகுதியில் வெளியூர் அணியை ஆதரித்தால் வெளியேற்றலாம் என்று கிளப்புகளின் மைதான விதிகளிலேயே எழுதியிருக்கும். டிக்கெட் பணம் திரும்ப வராது.

இரண்டு அணி நிறமும் பாதிப் பாதியாக இருக்கும் மஃப்ளரை வாசலில் விற்பார்கள். சுற்றுலாப் பயணிகள் ஆசையாக வாங்குவார்கள். தீவிர ரசிகர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வாங்கினால் பையிலேயே இருக்கட்டும்.

கள்ள மார்க்கெட் பக்கம் போகாதீர்கள். அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 முதல் கிரிமினல் குற்றம். சட்டம் கால்பந்தை மட்டும் தனியாகப் பிடித்ததற்குக் காரணம் விலை இல்லை. தெருவில் டிக்கெட் விற்பவன் யாரை எந்தப் பகுதிக்குள் அனுப்புகிறான் என்று யாருக்கும் தெரியாது; பிரித்து வைத்த கூட்டம் அவன் கையால் மறுபடி கலந்துவிடும் என்ற பயம்தான்.

அப்படியானால் வெளியூர் பகுதி டிக்கெட் எப்படிக் கிடைக்கும்?

சுலபத்தில் கிடைக்காது. அதை விற்பது உங்கள் கிளப்தான், மைதானக்காரர்கள் அல்ல. பெரிய கிளப்புகளில், இதற்கு முன் எத்தனை வெளியூர் ஆட்டங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்ற புள்ளிக் கணக்கில் வரிசை போடுவார்கள். ஆகவே புதிதாக நுழைவது குதிரைக்கொம்பு. விலை மட்டும் ரசிகர்களுக்குச் சாதகம். 2016-17 பருவம் முதல் பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. ரசிகர் சங்கங்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது. கிளப் முதலாளிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு: உலகம் முழுக்க டிவியில் விற்பது ஆட்டத்தை மட்டுமா, அந்த மூலையின் சத்தத்தையும் சேர்த்துத்தானே.

பியரோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

முடியாது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள கூடத்தில் குடிக்கலாம். அதனால் இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் அங்கே நடக்கும் தள்ளுமுள்ளு தனிக் கதை. ரசிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளிலும் மது கூடாது.

அந்த மூலைக்குள் உண்மையில் எப்படி இருக்கும்?

எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள். டிக்கெட்டில் சீட்டு எண் இருக்கும், அது பெயருக்குத்தான். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு தடவை தடவிப் பார்ப்பார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள், சில இடங்களில் மோப்ப நாயும் உண்டு. தண்ணீர் பாட்டில் கொண்டு போனால் மூடியைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள், மூடியோடு இருக்கும் பாட்டில் எறிவதற்கு வாகு என்பதால்.

உள்ளூர்க்காரர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் சில வரிசைகளைக் காலியாக விட்டு, மேலே துணியோ வலையோ விரித்திருப்பார்கள். அதன் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் மேல்சட்டை போட்ட ஸ்டூவர்டுகள் வரிசையாக நிற்பார்கள், ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கோல் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கக்கூடாத வேலை. நான் எப்போதும் கவனிப்பது அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் டிக்கெட் வாங்குகிறவர்களைத்தான். அவர்களில் சிலர் பந்தையே பார்ப்பதில்லை. தொண்ணூறு நிமிடமும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அவரோடு கை ஜாடையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். காசு கொடுத்து வம்பு வாங்குவது என்றால் இதுதான்.

பாட்டு நிற்கவே நிற்காது. உள்ளூர்க் கூட்டம் அமைதியாக இருந்தால் ‘இது என்ன நூலகமா?’ என்று கிண்டல். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது கோல் அடித்துவிட்டால் ‘இப்போ ஏன் பாடலை?’ என்று மூவாயிரம் விரல்கள் அந்தப் பக்கம் நீளும். எதிரணி மேனேஜருக்கு வேலை போகப் போகிறது என்று தெரிந்தால் அவருக்கு வழியனுப்பு விழாவே நடக்கும். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் எந்த வரிசையில் நின்றீர்கள் என்பதே மறந்துவிடும். முன்பின் தெரியாத ஆள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பார், மூக்குக் கண்ணாடி நான்கு வரிசை கீழே கிடக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொண்டு போவது நல்லது.

சத்தம் போடுவதால் ஆட்டத்தின் முடிவு மாறுமா?

கொரோனா காலத்தில் இதற்கு யாரும் எதிர்பாராமல் ஒரு சோதனை நடந்தது. 2020-21 பிரீமியர் லீக் பருவம் பெரும்பாலும் காலி ஸ்டாண்டுகளுக்கு முன்னால் நடந்தது. அந்தப் பருவத்தில் வெளியூர் அணிகள் 153 ஆட்டங்களை வென்றன, உள்ளூர் அணிகள் 144. இங்கிலாந்தின் முதல்தர லீக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. பல நாட்டு லீக்குகளை ஆராய்ந்தவர்களும், கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆக, கூட்டத்தின் கூச்சல் வீரர்களின் காலைவிட நடுவரின் காதில்தான் அதிகம் விழுகிறது என்று தோன்றுகிறது.

லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் அப்படி என்ன தீராத பகை?

பக்கத்து ஊர்கள். இடையில் சுமார் 55 கிலோமீட்டர்தான். பங்காளிச் சண்டைக்குத் தேவையான எல்லாமே அங்கே உண்டு: நிலம், நீர், காசு, பழைய மனக்கசப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரில் பருத்தி ஆலைகள், லிவர்பூலில் துறைமுகம். ஆலைக்கு வரும் பஞ்சும் வெளியே போகும் துணியும் லிவர்பூல் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் துறைமுகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டிக் கட்டிச் சலித்துப்போன மான்செஸ்டர், கடலையே ஊருக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்து ஒரு கால்வாய் வெட்டியது. 1894இல் திறந்தார்கள். கப்பல்கள் லிவர்பூலைத் தாண்டி நேராக உள்நாட்டுக்குள் போக ஆரம்பித்தன. மான்செஸ்டர் யுனைடெட், சிட்டி இரண்டு அணிகளின் சின்னத்திலும் கப்பல் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருந்தால், பதில் நகரத்தின் சின்னத்தில் இருக்கிறது: வணிகத்தின் அடையாளமாக அதில் கப்பல் ஏறியது 1842இல், கால்வாய்க்கு அரை நூற்றாண்டு முன்பே.

பிறகு கோப்பைகளின் போட்டி. இங்கிலாந்தின் முதல்தர லீக் பட்டத்தை யுனைடெட் 20 முறை வென்றது. 2025இல் லிவர்பூலும் 20ஐத் தொட்டது. இந்த இரண்டு கிளப்புகளுக்கும் இடையே கடைசியாக நேரடியாக மாறிய வீரர் ஃபில் சிஸ்னல், வருடம் 1964. அதன் பிறகு ஒரு ஆள்கூட இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராகப் போகவில்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் ரசிக்கத்தக்க பகைதான். ஆனால் இரண்டு ஊருக்கும் ஆறாத ரணம் ஒவ்வொன்று உண்டு. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் யுனைடெட் அணி சென்ற விமானம் விழுந்து, வீரர்கள் எட்டுப் பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள்; அதைப் பின்னால் சொல்கிறேன். எதிர்க்கூட்டத்தில் சிலர் பல்லாண்டுகளாக இந்தச் சாவுகளையே பாட்டாகப் பாடி வந்தார்கள். 2023 மார்ச்சில் இரு அணிகளும் மோதுவதற்கு முன் அப்போதைய லிவர்பூல் மேனேஜர் யூர்கன் க்ளாப்பும் யுனைடெட் மேனேஜர் எரிக் டென் ஹாகும் சேர்ந்து, சாவைக் கேலி செய்யும் பாட்டை நிறுத்துங்கள் என்று வேண்டுகோள் விட்டார்கள். மேனேஜர்கள் இருவரும் அப்படி ஒரே குரலில் பேசியது அபூர்வம். அந்த ஆட்டத்தில் லிவர்பூல் 7-0 என்று வென்றது. அன்று கேலி செய்ய வேறு எதுவும் தேடவே வேண்டியிருக்கவில்லை!

கேலிக்கும் குற்றத்துக்கும் நடுவில் கோடு எங்கே?

சட்டப்படி பார்த்தால், ஆடுகளத்தின் மேல் பொருள் எறிவது, காரணமின்றி உள்ளே ஓடுவது, இனவெறிக் கோஷம் மூன்றும் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாவைக் கேலி செய்வதைப் பொது ஒழுங்குச் சட்டத்தில் பிடிக்கிறார்கள். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஒருவர் ஹில்ஸ்பரோ சாவுகள் போதாது என்று பொருள்படும் சட்டை போட்டு வந்தார். அபராதமும், நான்கு வருடம் மைதானங்களுக்குள் நுழையத் தடையும் விழுந்தன. இந்தத் தடையாணைதான் இங்கிலாந்தின் கூர்மையான ஆயுதம். மூன்று முதல் பத்து வருடம் வரை விதிக்கலாம், வெளிநாட்டில் ஆட்டம் நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டையே போலீசிடம் ஒப்படைக்க வைக்கலாம்.

என் கோடு இதைவிட எளிமையானது. அணியைத் திட்டு, மேனேஜரைத் திட்டு, அவர்கள் ஊர் மழையைத் திட்டு, எவனும் கேட்கப் போவதில்லை. வீடு திரும்பாமல் போனவர்களைத் தொடாதே.

ஹெய்சலில் நடந்தது ரசிகர்களின் வெறியாட்டம்தானே?

ஆம், அதில் மழுப்ப எதுவும் இல்லை. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானம், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், லிவர்பூலும் யுவென்டஸும். ‘நடுநிலை’ ரசிகர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியின் டிக்கெட்டுகள் பெரும்பாலும் இத்தாலியர்கள் கைக்குப் போயின. அதற்கு ஒட்டிய பகுதியில் லிவர்பூல் ரசிகர்கள். நடுவில் இருந்தது ஒப்புக்கு ஒரு கம்பி வலை. லிவர்பூல் கூட்டம் வலையைத் தாண்டிப் பாய, பின்வாங்கிய இத்தாலியர்கள் சுவரோரம் நசுங்க, சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் 14 பேர் தண்டிக்கப்பட்டார்கள், இங்கிலாந்து கிளப்புகள் ஐந்து வருடம் ஐரோப்பாவில் ஆட முடியாமல் போனது, லிவர்பூலுக்கு ஆறு வருடம். இடியும் நிலையில் இருந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மீதும், விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் போலீசை நிறுத்தியவர்கள் மீதும் குற்றம் உண்டு. பெல்ஜிய நீதிமன்றம் அதிகாரிகளையும் விடவில்லை. ஆனால் பாய்ந்தவர்கள் பாய்ந்தவர்கள்தான்.

ஹில்ஸ்பரோவும் அதே மாதிரி ரசிகர் சண்டையா?

இல்லை. இதைத்தான் நிறையப் பேர் இன்றும் தவறாகச் சொல்கிறார்கள், தமிழில் எழுதுகிறவர்களும்கூட.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் வேற்று ஊரில் ஆடின. இரு கூட்டமும் தெருவில்கூடச் சந்திக்கக்கூடாது என்று, வரும் திசையை வைத்து மைதானத்தைப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில், அதிக ரசிகர்கள் கொண்ட லிவர்பூலுக்குச் சிறிய பக்கம் போனது. நின்று பார்க்கும் பகுதிக்கு வந்த 10,000க்கும் மேற்பட்டவர்கள் நுழைய ஏழே ஏழு சுழல் கதவுகள். வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸ் ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் கண்ணுக்கு நேரே தெரிந்த சுரங்கப் பாதையில் போனார்கள். அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த, வேலி போட்டு அடைத்த இரண்டு கூண்டுகளில் போய் முடிந்தது. அந்தப் பாதையை அடைக்க யாரும் ஆள் நிறுத்தவில்லை. முன்னால் நின்றவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் முன்பே சொன்ன அந்த இரண்டாவது வேலி, ஆடுகளத்துக்குள் ரவுடிகள் ஓடிவிடக்கூடாது என்று போட்டது, அவர்கள் முகத்துக்கு நேரே நின்றது. சிலர் வேலியில் ஏறித் தப்பிக்கப் பார்த்தபோது முதலில் போலீஸ் அதைக் கலாட்டா என்றே நினைத்தது. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை 3.06க்கு நிறுத்தினார்கள்.

ஃபாரஸ்ட் ரசிகன் ஒருவனும் லிவர்பூல் ரசிகன் ஒருவனும் அன்று கைகலக்கவில்லை. ஆனாலும் ரசிகர்கள்தான் கதவை உடைத்தார்கள், குடித்துவிட்டு வந்தார்கள் என்று போலீஸ் தரப்பு சொன்னது. ‘சன்’ நாளிதழ் அதைத் தலைப்பாக்கியது. இன்றும் லிவர்பூலில் பல கடைகள் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை. 2016இல்தான் மரண விசாரணை நடுவர் குழு, இவை சட்டவிரோதமான மரணங்கள், ரசிகர்களின் நடத்தைக்கு இதில் பங்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. 27 வருடம். அன்று காயம்பட்ட ஒருவர் 2021இல் இறந்தபோது எண்ணிக்கை 97 ஆனது.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின, பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை மைதானங்கள் ஆயின. இப்போது கம்பி வைத்த பாதுகாப்பான நிற்கும் பகுதிகளை 2022 முதல் மறுபடி அனுமதித்திருக்கிறார்கள்.

வெளியூர் ரசிகர்களையே வரவிடாமல் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன. எனக்குத் தெரிந்து இது சோம்பேறி அதிகாரிகளின் தீர்வு.

அர்ஜென்டினாவில் 2013இல் லானூஸ் அணியின் ரசிகர் ஒருவர் இறந்ததும் வெளியூர் ரசிகர்களுக்கு நாடு தழுவிய தடை வந்தது. அவர் இறந்தது எதிரணி ரசிகன் அடித்து அல்ல, போலீசின் ரப்பர் குண்டு பட்டு. 2018இல் தென் அமெரிக்கக் கிளப்புகளின் லிபர்ட்டடோரஸ் கோப்பை இறுதியில் அந்நாட்டின் பரம வைரிகளான ரிவர் பிளேட்டும் போக்கா ஜூனியர்ஸும் மோதின. இரண்டு ஆட்டத்துக்கும் உள்ளூர் ரசிகர்கள் மட்டும் என்று ஏற்பாடு. அப்படியும் இரண்டாவது ஆட்டத்துக்கு வந்த போக்கா வீரர்களின் பேருந்தைத் தெருவில் கல்லால் அடித்து நொறுக்கினார்கள், ஆட்டம் நடக்கவில்லை. கடைசியில் அதை 10,000 கிலோமீட்டர் தள்ளி மாட்ரிட்டில் நடத்தினார்கள், இரண்டு அணி ரசிகர்களையும் உள்ளே விட்டு! பெரிய அசம்பாவிதம் ஏதுமின்றி முடிந்தது. ரிவர் 3-1 என்று வென்றது. 2025இல் சில ஆட்டங்களுக்கு மட்டும் வெளியூர் ரசிகர்களை மறுபடி விட்டுப் பார்த்தார்கள்.

நெதர்லாந்தில் அயாக்ஸ் – ஃபெய்னூர்ட் ஆட்டங்களுக்கு 2009 முதல் வெளியூர்க்காரர்கள் கிடையாது. 2023 செப்டம்பரில் அயாக்ஸ் சொந்த மைதானத்தில் 0-3 என்று பின்தங்கியபோது, அதன் ரசிகர்களே தீப்பந்தங்களை உள்ளே எறிந்து ஆட்டத்தை நிறுத்த வைத்தார்கள். சண்டை போட எதிராளி இல்லையென்றால் சொந்தக் கிளப்போடு போடுவது.

மிகக் கொடுமையானது இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் நடந்தது. 2022 அக்டோபர் 1, அரேமாவுக்கும் பெர்செபயாவுக்கும் ஆட்டம். பகை கருதி பெர்செபயா ரசிகர்களை வரவே விடவில்லை. போலீஸ் பகலில் நடத்தச் சொல்லியும் ஆட்டம் இரவில் நடந்தது. அரேமா 2-3 என்று தோற்றதும் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்க, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, ஸ்டாண்டுகளுக்குள்ளும். மைதானத்தில் கூட்டத்தைக் கலைக்கும் புகையைப் பயன்படுத்தக்கூடாது என்று ஃபிஃபா விதியே உண்டு. கண்ணெரிந்து ஓடியவர்கள் மூடிக் கிடந்த, குறுகலான வாயில்களில் நசுங்கினார்கள். 135 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. இரண்டு போலீஸ்காரர்கள் போக, மற்றவர்கள் உள்ளூர் ரசிகர்கள்.

இறந்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தால், பகை எவ்வளவு பெரியது என்பதைவிட வாயில் திறந்திருந்ததா, அதிகாரி கூட்டத்தை மனிதர்களாகப் பார்த்தாரா என்பதுதான் தீர்மானித்திருக்கிறது. எகிப்தில் 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீத் மைதானத்தில் அல் மஸ்ரி ரசிகர்கள் அல் அஹ்லி ரசிகர்கள் மீது பாய்ந்தபோது 74 பேர் இறந்தார்கள். அங்கே கொலைவெறி உண்மை. ஆனால் விருந்தாளிகள் வெளியேற வேண்டிய வாயில் பூட்டியிருந்தது, போலீஸ் கைகட்டி நின்றது.

போலீஸ் வேறு மாதிரி நடந்துகொண்டால் பலன் உண்டா?

உண்டு. 2004 யூரோ கோப்பைக்குப் போர்ச்சுகல் நகரப் போலீஸ், தலைக்கவசமும் கேடயமும் போட்டு வரிசையாக நிற்பதை விட்டுவிட்டு, சாதாரணச் சீருடையில் இரண்டிரண்டு பேராக ரசிகர்கள் நடுவே நடந்தது. பேச்சுக் கொடுத்தது. தகராறு செய்பவனை மட்டும் தனியே பிடித்தது. இங்கிலாந்து ரசிகர்கள் ஆட்ட நகரங்களில் பெரிய வம்பின்றி இருந்தார்கள்; வேறு படையின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில்தான் கலவரம் வெடித்தது. இதற்கு நேர் எதிர் 2022 பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதி. லிவர்பூல் ரசிகர்களை முன்கூட்டியே ரவுடிகளாக நினைத்து நெருக்கடியான பாதையில் அனுப்பினார்கள், கண்ணீர்ப்புகை விட்டார்கள், பிறகு போலி டிக்கெட்தான் காரணம் என்று பழியை அவர்கள் தலையில் கட்டினார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவே நியமித்த சுயேச்சைக் குழு, முதன்மைப் பொறுப்பு யூஇஎஃப்ஏவுடையது என்று எழுதிக் கொடுத்தது.

கிளாஸ்கோவில் இப்போது என்ன நிலை?

ஸ்காட்லாந்தின் அந்த நகரத்துப் பரம வைரிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஒரு காலத்தில் ஒருவருக்கொருவர் 7,000 டிக்கெட் அளவுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். 2018இல் ரேஞ்சர்ஸ் அதை 800 அளவுக்கு வெட்டியது, செல்டிக் பதிலுக்கு வெட்டியது. பிறகு பூஜ்யம். ஆட்டம் சவசவ என்று ஆனதை இருவருமே உணர்ந்து, 2024-25 பருவத்தின் நடுவில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இந்தியாவில் இப்படிப் பகை உண்டா?

கொல்கத்தா என்றால் போதும். மோகன் பகான் 1889, ஈஸ்ட் பெங்கால் 1920. பழைய மேற்கு வங்கக் குடிகளுக்கு முதலாவது, கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இரண்டாவது. மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன். சந்தையில் விலையே ஏறும் என்பார்கள். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் பார்த்தார்கள், பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

கறுப்பு நாள் 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டனில் இரு தரப்பும் கலந்திருந்த ஸ்டாண்டில் மோதல் வெடித்து, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியில் இன்றும் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். 2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை ஒட்டிய கொந்தளிப்பில் டுராண்ட் கோப்பையில் நடக்க இருந்த இவ்விரு அணிகளின் டெர்பியை (ஒரே ஊர் அணிகளின் மோதலை) ரத்து செய்தார்கள். அன்று இரு அணி ரசிகர்களும் அவரவர் சட்டையோடு மைதானத்துக்கு வெளியே ஒன்றாகக் கூடி நீதி கேட்டார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சென்னையில்?

சென்னையின் எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் உள்ளது சூடான போட்டி, ஆனால் ரத்தக்களரி கிடையாது. நேரு ஸ்டேடியத்துக்குக் கேரள அணியின் ரசிகர் கூட்டமான ‘மஞ்சப்படை’ வரும் நாளில் நீலத்துக்கு ஈடாக மஞ்சளும் தெரியும். கொச்சியிலிருந்து ரயிலேறி வருபவர்கள் ஒரு பங்கு, சென்னையிலேயே வேலை பார்க்கும் மலையாளிகள் இன்னொரு பங்கு. சொந்த ஊரிலேயே நம் சத்தம் அமுங்கிப்போகும் நாட்களும் உண்டு என்பதுதான் சென்னை ரசிகர்களின் மனக்குறை.

குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியூர் பகுதிக்குப் போகலாமா?

போகிறார்கள். ஆனால் எல்லோரும் நிற்பதால் சின்னப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும், காதில் விழுவது முழுக்கக் கெட்ட வார்த்தை. முதல் ஆட்டத்துக்கு உங்கள் அணியின் சொந்த மைதானத்தில், குடும்பங்களுக்கென்றே இருக்கும் ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள். வெளியூர்ப் பயணத்தைப் பிள்ளைகள் பதின்வயதை எட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். டெர்பி ஆட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் அணி ஜெயித்திருந்தால் மஃப்ளரைக் கோட்டுக்குள் செருகுங்கள், தோற்றிருந்தாலும் செருகுங்கள். கூட்டம் போகும் பக்கமே போங்கள். குறுக்குச் சந்து வேண்டாம். பப்பின் வாசலில் ‘உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால் விளையாட்டாக எழுதவில்லை. யாராவது வந்து மணி என்ன என்று கேட்டால் உங்கள் உச்சரிப்பை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிறார் என்பது இங்கே பழைய தந்திரம். நல்லவேளை, நம் உச்சரிப்பை வைத்து எந்த ஊர் என்று அவர்களால் சொல்லவே முடியாது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆட்ட நாளில் சில ரயில்களில் மது தடை இருக்கும், நிலையத்திலேயே பையைச் சோதிப்பார்கள்.